வங்காள விரிகுடாவுக்குப் பட்டா இல்லை

அரசாங்கத்தின் கரிசனமே தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பம், கல்லூரிக் கட்டணம் எல்லாம் அதையொட்டித்தான் வரும். பனித்திட்டு மீனவக் கிராமத்து விசைப்படகுக்காரர் வருமானத் தொந்தரவில்லாமல் வரிசையில் நிற்கலாம் பாருங்கள்!

வங்கியும் தாராளம். கல்விக்கடனுக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை வேண்டாம், அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். வீட்டெதிரே வங்காள விரிகுடாவே கிடக்கிறது, பட்டாதான் இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. வட்டி மட்டும் விடுமுறை எடுக்காமல் குட்டி போடும்.

பையன் பி.டெக். முடித்தான், வேலையும் கிடைத்தது: கல்விக்கடன் வசூல் பிரிவில். பட்டியலில் முதல் பெயர் அப்பாவுடையது.

"எப்ப சார் கட்டுவீங்க?"

"அடுத்த வாரம் சார்" என்றார் அப்பா, பெருமையாக.