ட்ரீட் முதல் செட்டில் வரை: வெற்றிக்குப் பிந்தைய தகடூர் மொழி

ஒருவன் ஜெயிக்கிற வரைக்கும் அவனைப் பற்றித் தமிழில் பேசும் ஊர், அவன் ஜெயித்த மறுநிமிடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. இதுவே இவ்வாய்வின் கருதுகோள்.

என் அக்கா மகன் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தரவு திரட்டல் தொடங்கியது. அப்போது கிடைத்த சொற்றொடர்கள்: "ராப்பகலா முட்டி மோதறான்", "முருகன்தான் கண்ணத் தெறக்கணும்", "இந்தத் தடவையாவது கரையேறிட்டா சரி." எல்லாம் சுத்தத் தமிழ். முடிவு வெளியாகி அவன் பெயரும் அதில் இருந்தது. அன்று மாலைக்குள் கிடைத்தவை: "கங்கிராட்ஸ் மாப்ள", "சூப்பர்டா", "ட்ரீட் எப்போ?", "அப்பாடா, லைஃப்ல செட்டில் ஆயிட்டே." முருகனைக் காணோம்.

"ஃபெயில், அரியர் எல்லாம் ஆங்கிலம்தானே?" என்று கேட்பார்கள். அவை அறிவிப்புப் பலகையின் சொற்கள். திண்ணைக்கு வரும்போது தோல்வி "கோட்டை விட்டுட்டான்" ஆகிவிடுகிறது. எனவே கருதுகோளுக்குச் சேதமில்லை.

ஆய்வெல்லை தகடூர், அதாவது இன்றைய தருமபுரி மாவட்டம்: தெற்கே தொப்பூர்க் கணவாய், வடக்கே காரிமங்கலம், மேற்கே ஒகேனக்கல், கிழக்கே அரூரைத் தாண்டிச் சில டீக்கடைகள். 2004இல் தனி மாவட்டமாகப் பிரிந்துபோன கிருஷ்ணகிரி சேர்க்கப்படவில்லை. அங்கே யாரும் ட்ரீட் கேட்பதில்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆய்வாளரின் வண்டியில் பெட்ரோல் இல்லை என்று பொருள்.

முதலில் ட்ரீட். விருந்து என்ற அருமையான சொல் இருக்க, இது எதற்கு என்று தமிழார்வலர்கள் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் பாதிதான் நியாயம். விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை. வீட்டுக்குப் புதிதாக வந்தவரும் விருந்து. தினம் நம் பைக்கில் தொற்றிக்கொண்டு வருகிறவன் எந்தக் கணக்கிலும் புதியவன் ஆகமாட்டான். அதோடு, விருந்துக்கு அழைப்பவர் வீட்டுக்காரர். ட்ரீட்டிலோ சாப்பிடப் போகிறவர்களே தேதி குறிக்கிறார்கள், ஓட்டலைத் தீர்மானிக்கிறார்கள், கொடுப்பவனுக்குத் தகவல் சொல்கிறார்கள். விருந்தை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ட்ரீட்டைக் கேட்காமல் விடுவதில்லை.

இலக்கணமும் இதற்குத் துணை நிற்கிறது. ட்ரீட் பெரும்பாலும் 'வை' என்ற வினையோடு வருகிறது: "ட்ரீட் வைடா." விருந்து வைப்பதும் இதே வினைதான் என்றாலும், வேட்டு வை, ஆப்பு வை, செலவு வை ஆகியவையும் இதே குடும்பம். பணப்பையின் பக்கம் நின்று பார்த்தால் ட்ரீட் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை.

சொற்பிறப்பு இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ட்ரீட், உடன்படிக்கையைக் குறிக்கும் ட்ரீட்டி, இந்தக் கட்டுரையைப் போன்ற ஆய்வு நூலைக் குறிக்கும் ட்ரீட்டிஸ் ஆகிய மூன்றும் ஒரே இலத்தீன் வேரிலிருந்து வந்தவை. அந்த வேருக்கு மூலப்பொருள் இழுத்தல். நண்பனை ஓட்டலுக்கு இழுத்துப் போவது ட்ரீட் என்றால், வாசகரை மூன்று பக்கம் இழுத்துப் போவது ட்ரீட்டிஸ். இங்கு இரண்டும் நடந்துகொண்டிருக்கின்றன.

சட்டத்துக்கும் இந்தச் சொல் தெரியும். 1920இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் தேர்தல் குற்றங்களுக்கென ஓர் அத்தியாயம் சேர்ந்தபோது, உணவும் பானமும் கேளிக்கையும் கொடுத்து வாக்கு வாங்குவதற்கு 'ட்ரீட்டிங்' என்றே பெயர் வைத்தார்கள். மற்ற லஞ்சத்துக்குச் சிறை உண்டு. பிரியாணி லஞ்சத்துக்கு அபராதம் மட்டும். சட்டம் எழுதியவர்களும் சாப்பாட்டு விஷயத்தில் இளகிய மனம் படைத்தவர்கள் போலும். 2024 மக்களவைத் தேர்தலில் 81 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த தொகுதி தருமபுரி என்பதால், இங்குள்ள வாசகர்களுக்கு இந்தத் தகவல் கட்டாயம் வேண்டும். வெற்றிக்கு முன்னால் வைத்தால் குற்றம், வெற்றிக்குப் பின்னால் வைக்காவிட்டால் குற்றம்.

சரி, இதற்குத் தமிழில் சொல்லே இருந்ததில்லையா? இருந்தது. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. மாடு கவரப் போனவர்களும் மீட்கப் போனவர்களும் செத்து விழுந்த இடங்களில் நட்ட கற்கள் இந்த வட்டாரமெங்கும் உண்டு. சாகாமல் மாட்டோடு திரும்பியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குத் தொல்காப்பியத்தின் வெட்சித் திணை வரிசையாகத் துறை வகுத்து வைத்திருக்கிறது: கொண்டுவந்த மாட்டை ஊரில் நிறுத்துவது தந்துநிறை, பங்கு போடுவது பாதீடு, கள்ளோடு கொண்டாடுவது உண்டாட்டு, கேட்டவர்க்கு வழங்குவது கொடை. வெற்றிக்குப் பின்னால் நடப்பதற்கு இத்தனை நுட்பமாகப் பெயர் சூட்டிய மொழி, இன்று ஷேர், ட்ரீட், கிஃப்ட் என்று மூன்று சொல்லைக் கடன் வாங்கி நிற்கிறது. உண்டாட்டு என்று நானே ஒருமுறை பேக்கரியில் சொல்லிப் பார்த்தேன். ஆட்டுக்கறி இன்றைக்கு இல்லை என்றார் கடைக்காரர்.

ஆனால் ட்ரீட் உண்மையில் உண்டாட்டு அல்ல, பாதீடு என்பதே என் துணிபு. என் மருமகனுக்குப் பொது அறிவுப் புத்தகம் இரவல் கொடுத்தவன் ஒருவன், ஹால் டிக்கெட்டுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தவன் ஒருவன், தேர்வு மையத்தில் கொண்டுபோய் விட்டவன் ஒருவன். பிடித்த மாட்டில் தங்களுக்கும் ஒரு கால் உண்டு என்று நினைக்கிறார்கள். அதை வெளிப்படையாகக் கேட்டால் அசிங்கம். ஆங்கிலத்தில் கேட்டால் ஜாலி. இந்த மண்ணின் அதியமான், கிடைத்த அரிய நெல்லிக்கனியைக் கேட்காமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டான்; அவனிடம் யாரும் "ட்ரீட் எப்போ?" என்று கேட்க வாய்ப்பே ஏற்படவில்லை.

இடையில் ஒரு சொல்: நூற்றுக்கு நூறு வாங்கியவனை இங்கே 'சென்டம்' என்கிறோம். அது ஆங்கிலம் கூட இல்லை, இலத்தீன். கடன் வாங்கிய இடத்திலும் தாத்தா வீட்டுக்குப் போய் வாங்கியிருக்கிறோம்.

இனி, செட்டில். இது ட்ரீட்டைவிடப் பழையது. இந்த மாவட்டத்துக்கு வந்தது வெற்றியின் பின்னாலேதான். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தான் தோற்று, 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலைக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். தருமபுரி அதற்குள் அடக்கம். உடன்படிக்கை, அதாவது ட்ரீட்டி, கையெழுத்தானதும் அலெக்சாண்டர் ரீட் துரை வந்தார். (ரீட் முதலில் வந்தார், ட்ரீட் பின்னால் வந்தது என்பது இவ்வாய்வின் கிளைக் கண்டுபிடிப்பு.) அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னரான அதே மன்றோதான். அவர் தருமபுரியில் தங்கி, 1799 வரை இந்தப் பக்கத்து நிலங்களை அளப்பதிலும் தீர்வை கட்டுவதிலும் முனைந்திருந்தார். ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது. எந்த வயலுக்கு எவன் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவு கட்டும் அந்த வேலைக்கு அவர்கள் வைத்த பெயர் செட்டில்மென்ட்.

என் அக்கா "பையன் செட்டில் ஆயிட்டான்" என்று சொன்னபோது, அவன் இனி கவலையில்லாமல் இருப்பான் என்ற பொருளில்தான் சொன்னாள். நடந்ததோ மன்றோ பொருளில். வேலை உத்தரவு வந்த வாரமே குடும்பம் கூடி உட்கார்ந்தது. தங்கை கல்யாணச் சீட்டுக்கு மாதம் இவ்வளவு, மேல்தளம் கட்டிய கடனுக்கு இவ்வளவு, சித்தப்பா மகன் காலேஜ் பீஸுக்கு ஒரு கை. அளந்து, பிரித்து, தீர்வை போட்டு முடித்தார்கள். ஒரு ரயத்து உருவானான். ரயத்தாவது விளைச்சல் பொய்த்தால் துரையிடம் போய் வஜா கேட்கலாம். அக்காவிடம் கேட்க முடியாது.

களஆய்வின் கடைசிப் பகுதி ஒகேனக்கல்லில் நடந்தது. ஆறு நண்பர்கள், மருமகன், பார்வையாளராக நான். எண்ணெய்க் குளியல், பரிசல், பிறகு மீன் வறுவல். கட்லாவா ரோகுவா என்பதில் கொடுப்பவனைத் தவிர எல்லோரும் கருத்துச் சொன்னார்கள். "நெக்ஸ்ட் என்னடா, குரூப் 2 தானே?" என்றான் ஒருவன். "பேச்சுலர் லைஃப என்ஜாய் பண்ணிக்கோ, அப்புறம் மேரேஜ்" என்றான் இன்னொருவன். ஆங்கிலம் குறையின்றி ஓடிக்கொண்டிருந்தது. பில் வந்தது. மருமகன் அதைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், எழுந்து கை கழுவுகிற சாக்கில் என் பக்கம் வந்து காதருகே குனிந்தான்.

"மாமா, ஒரு ஐநூறு ரூவா இருந்தாக் குடுங்களேன். சம்பளம் வந்ததும் தந்துடறேன்."

சுத்தத் தமிழ். கொடுத்தேன். ஆய்வுச் செலவில் எழுதிக்கொண்டேன்.