வில்லும் விழுதலும்

தூள்பனியில் சறுக்கும் பலகைக்கு மூக்கு அகன்றும் வால் ஒடுங்கியும் இருப்பது ஏன்? (விழுப்புரம் வாசகர்)

பெயரிலேயே 'விழு' உள்ள ஊரிலிருந்து வரவேண்டிய கேள்விதான். இறுகாத பனியில் மூக்கு புதைந்தால் சறுக்குபவர் குப்புற விழுவார் என்பதால், முன்பகுதி அகலமாக்கப்பட்டு மேல்நோக்கி வளைக்கப்படுகிறது. ஒடுங்கிய வால் எளிதில் அமிழ்ந்து மூக்கை உயர்த்துகிறது. பாதங்களைப் பிணைக்கும் இடமும் நடுவிலிருந்து சற்றே பின்தள்ளப்படுகிறது. ஆயினும் இறுகிய பனியில் ஓரங்களுக்குப் பிடி தேவைப்படுவதால், இரு பாதங்களுக்கிடையே பலகை, 'காம்பர்' எனப்படும் வில்வளைவுடன் நின்று, ஆளின் எடையில் தட்டையாகி, ஓரங்களைப் பனியில் அழுத்துகிறது. ஆங்கில எழுத்தில் அவ்வூர் 'வில்' என்று தொடங்குவது தற்செயலே.

சறுக்குப்பலகையைப் புளியமரத்தில் செய்யலாமா? (திண்டிவனம் வாசகர்)

புளியைக் குறிக்கும் 'திந்திரிணி' என்ற வடசொல்லிலிருந்து பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊருக்கு இந்த ஆசை நியாயமானதே. ஆனால் புளியங்கட்டை, கறிக்கடையில் வெட்டுக்கட்டையாகக் கிடக்கத் தகுந்த கனமுடையது. சறுக்குப்பலகையின் உள்ளீடோ பாப்லர் போன்ற இலேசான மரத்தால் ஆகி, கண்ணாடியிழை அடுக்குகளுக்கிடையே ஒட்டப்படுகிறது. செய்து முடித்தாலும் சறுக்குவதற்குக் காஷ்மீரின் குல்மார்க் போன்ற இடத்துக்குத்தான் போகவேண்டும். பக்கத்து மரக்காணத்தில் வெள்ளையாகக் குவிந்திருப்பது உப்பு.