ஞாயிற்றுக்கிழமை யாருடையது?

திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கிறிஸ்துநாதர் ஆலயம் 1766-இல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் எழுந்தது. கோட்டைக்குள் இருந்த அந்த மிஷன் கோயிலில்தான் 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி விடியற்காலையில் கல்கத்தா பிஷப் ரெஜினால்ட் ஹீபர் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். ஆராதனை முடிந்து, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்கப் போனவர் தண்ணீரிலேயே இறந்துபோனார். வயது 42. புனித யோவான் ஆலயத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். எங்களுக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்த ஆயர் இதைச் சொல்லிவிட்டு, “அந்த மனுஷன் கடைசியாகச் செய்த ஊழியம், உங்களைப் போன்றவர்களின் தலைமேல் கை வைத்ததுதான். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்” என்பார். நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் திருவிருந்து வாங்கிய அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. அந்தச் சந்திலேயே நாங்கள் ஒரு குடும்பம்தான் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 1-ஆம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, திருச்சிக்கு ஆராதனைக்குப் போவோம். சபைப் பெரியவர்களுக்கு எங்களைப் பற்றிக் கவலை. கோயில் ஊரில் வயசுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, உலகம் இழுத்துவிடும் என்று அப்பாவிடம் சொல்வார்கள். வாலிபர் கூடுகையில் உலகம் என்றால் என்னென்ன என்பதும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. மாரிஸ் தியேட்டர், ரேடியோவில் சினிமாப் பாட்டு, புறமதத்தாரோடு அதிகச் சிநேகம். ஒரு முகாமில் சினிமாவுக்குப் போவதில்லை என்று அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மனதாரத்தான் போட்டோம்.

ஆனால் என் விசுவாசத்தை அந்தத் தெருவில் யார் காத்தார்கள் என்று யோசித்தால், எனக்கு முதலில் வருவது எதிர்வீட்டு ஐயங்கார் பாட்டியின் முகம். மார்கழியில் நான்கு மணிக்கே அவர் வீட்டில் விளக்கு எரியும். ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஒரு ஞாயிறு சோம்பலாக நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டார்: “ஏண்டி கொழந்தே, இன்னிக்கு உங்க கோயிலுக்குப் போற நாளோன்னோ? இன்னும் குளிக்கலையா?” அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எப்படி வீட்டில் இருப்பேன்?

1987 மார்ச் 25-ஆம் தேதி ராஜகோபுரக் கும்பாபிஷேகம். நூற்றாண்டுகளாக மொட்டைக் கோபுரமாக நின்றது 236 அடிக்கு நிமிர்ந்திருந்தது. ஊரில் கால் வைக்க இடமில்லை. எங்களுக்கு அது லெந்து காலம். நான் ஒருபொழுது இருந்தேன். அன்று சாயங்காலம் பாட்டி ஒரு கிண்ணத்தில் புளியோதரை கொண்டுவந்தார். கும்பாபிஷேக நாளில் வந்த சோறு என்றதும் அம்மா தயங்கி நின்றார். படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பது கொரிந்து சபைக் காலத்திலிருந்து வருகிற கேள்வி. ஸ்ரீரங்கத்தில் அது எங்கள் அன்றாடப் பிரச்சினை. பாட்டியே சொன்னார்: “இது தனியாக் கலந்தது. பெருமாளுக்கு அம்சே பண்ணலை. கொழந்தை நாள் பூரா பட்டினின்னியே, குடு.”

பெருமாளுக்குக் காட்டாத ஒன்றைத் தன் வாயில் வைக்காத மனுஷி அவர். எனக்காக அந்த ஒரு கிண்ணத்தை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். மற்றவருடைய மனச்சாட்சியை மதிப்பது எப்படி என்று அதன்பிறகு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்த அளவுக்கு எதுவும் மனதில் இறங்கவில்லை.

எல்லாருக்கும் இப்படி அமையவில்லை என்பதும் தெரியும். 1890-களில் புனித வளனார் கல்லூரியில் படித்த பிராமண மாணவர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றபோது, அவர்களுக்கென்று தனியாக ஒரு குடியிருப்பே வேண்டியிருந்தது. செயின்ட் மேரீஸ் தோப்பு அப்படித்தான் வந்தது. படிக்கிற வயதில் வீடும் உறவும் போகும் என்று தெரிந்தே அந்தப் பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். நாங்கள் விட்டதெல்லாம் சினிமா மட்டும்தான்.

இப்போது நான் திருச்சியில் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். தியேட்டருக்குப் போனாயா என்று எந்தப் பிள்ளையையும் யாரும் கேட்பதில்லை. படம் அவரவர் கைக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரை பெஞ்சு நிறைய உட்கார்ந்திருப்பவர்கள் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் காணாமல் போகிறார்கள். சிநேகிதர்களும் சினிமாவும் அவர்களைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனது ஞாயிறு காலை டெஸ்ட். அனுப்புவது பெற்றோர். ஜெபம் பண்ணி, நெற்றியில் முத்தம் கொடுத்து, பைக்கில் கொண்டுபோய் கோச்சிங் சென்டர் வாசலில் இறக்கிவிடுகிறார்கள். அன்று என்னோடு அட்டையில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களில் உண்டு. நீட் தேர்வையே ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிற நாட்டில் தனி ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று கேட்கிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு ஞாயிறு போகட்டும். மற்ற ஞாயிறுகளை எழுதிக் கொடுத்தது யார்?

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவார்ட்ஸ் ஐயர் தொடங்கிய பள்ளிக்கூடத்தின் வழியில் வந்ததுதான் பிஷப் ஹீபர் கல்லூரி. படிப்பால் எழுந்த சபை எங்களுடையது. எனக்குத் தாங்காதது வேறொன்று. ரிசல்ட் வந்த அடுத்த ஞாயிறு, நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளின் பெயரும் மார்க்கும் ஆராதனையில் வாசிக்கப்படும், பெற்றோர் ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பார்கள், ‘சாட்சி’ என்பார்கள். அப்போது பெயர் வாசிக்கப்படாத பிள்ளை எந்தத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. போன வருஷம் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “டீச்சர், பரீட்சைக்கு முன்னாடி எல்லாரும் எனக்காக ஜெபிச்சீங்க. ரிசல்ட்டுக்கு அப்புறம் ஒருத்தர்கூட எங்கிட்ட பேசலை. கர்த்தருக்கும் என்மேல கோபமா?”

பதினேழு வயசுப் பிள்ளைக்கு இந்தச் சந்தேகத்தை அவளுடைய சபைதான் கொடுத்தது. அன்று அவளோடு வெகுநேரம் இருந்தேன். சங்கீதங்களில் புலம்பலாக வருகிறவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தோம். ஜெயித்தவர்கள் மட்டும் எழுதிய புத்தகம் இல்லை அது என்பது அவளுக்கே தெரிந்தது. இப்போது ஆராதனைக்கு வருகிறாள். என் பக்கத்தில்தான் உட்காருவாள்.

பாஸ்டரேட் கமிட்டியிடம் இரண்டு காரியம் கேட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கிறவர்களுக்கு ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். ரிசல்ட் வாரத்தில் மார்க் வாசிக்காமல், பரீட்சை எழுதிய எல்லாரையும் பீடத்துக்கு முன்னால் அழைத்து ஜெபிக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆயர் சம்மதித்துவிட்டார். மாலை வகுப்பைப் பற்றி, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறார்கள் சிலர். இந்தப் பரீட்சை முடிந்தால் ஜூனில் அடுத்த பேட்ச் தொடங்கிவிடும் என்று அவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.