குணமாமில்ல குணம்!

ஏங்கண்ணு, செல்போன்ல யாரோ பத்துக் கேள்வி கேட்டானாம், நீயும் தட்டினியாம், "உன் பெர்சனாலிட்டி இதுதான்"னு சொல்லிப்போட்டானாம். அன்னையிலிருந்து எந்திரிச்சு நாலு எட்டு நடடான்னா, "என் டைப் அப்படி தாத்தா"ங்கறே. சோம்பலுக்கு இங்கிலீசுல பேரு வெச்சா சுறுசுறுப்பு வந்துருமா?

படிச்சவிங்க மனுசக் குணத்தை அஞ்சாப் பிரிச்சிருக்காங்க. புதுசு தேடுறது, பொறுப்பு, கலகலப்பு, அனுசரிப்பு, பதட்டம். வாழப்பாடி சந்தையில அரை நாழி நின்னா அஞ்சையும் பாத்துரலாம்.

பள்ளிக்கூடத்துல இரும்புச்சத்துக்கு வாரம் ஒரு நீல மாத்திரை குடுக்கறாங்கல்ல? 2013ல ஆரம்பிச்சது. அங்க பாரு கூத்தை. பொறுப்பான புள்ள சோத்தைத் தின்னுட்டு முழுங்கிரும். பதறுற புள்ள, "வாந்தி வருமோ"ன்னு உள்ளங்கையிலயே வெச்சிருக்கும். கலகலப்பான பய, நாலு பேரு முழுங்கினா முழுங்குவான், நாலு பேரு சன்னல்ல வீசினா வீசுவான். அந்த நாலு பேரோடவே பெட்டிக்கடை மறைவுல புகையிலைப் பொட்டலமும் பிரிப்பான். சத்து மாத்திரைக்குப் பயம், புகையிலைக்குத் தைரியம்!

குணம் ஆயுசை எப்படி இழுக்குதுன்னு கண்டுக்க அமெரிக்காக்காரன் பட்ட பாடு இருக்குதே! 1921ல டெர்மன்னு ஒருத்தர், கலிஃபோர்னியாவுல ஆயிரத்தைந்நூறு பொடுசுகளைப் புடிச்சுக் குணத்தை எழுத ஆரம்பிச்சார். 1993ல ஃபிரீட்மன்னு இன்னொருத்தர் அந்த ஏட்டைப் பிரிச்சு, ஆரு இருக்கா, ஆரு போய்ச் சேந்தான்னு கணக்குப் பாத்தார். பொறுப்பான புள்ளைக நெறைய நாளு இருந்துச்சுக. சிரிச்சுக் களிச்சதுக முந்திக் கெளம்பிருச்சுக. சிகரெட்டு, தண்ணி, "நமக்கு என்ன ஆகப்போகுது"ங்கற வீம்பு, எல்லாம் அதுகளுக்குத்தான் கூடவாம். நானும் சிரிச்சுத் திரிஞ்சவந்தான், இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கறேன். ஊருக் கணக்குல ஒவ்வொரு தலையும் சிக்குமா?

குணம் மாறாதுங்கறியா? 2020ல காட்டுவேப்பிலைப்பட்டி கிரிக்கெட் மைதானத்தைத் தொறக்க ராகுல் டிராவிட் வந்தப்ப, கோழி கூப்பிடறதுக்கு முன்னாடி எந்திரிச்சு அப்பன் தோள்ல ஏறிக்கிட்டியே. அன்னைக்கு எங்க போச்சு உன் டைப்பு? அந்த மனுசன் நாள் பூரா நின்னு ஆடற பொறுமைக்குப் பேர் போனவர். அவரைப் பாத்துட்டு வந்து நீ கேட்டது பேட்டு மட்டுந்தான்.

கலகலப்பான பயலா நீ? இருந்துட்டுப் போ. முழுங்குற பசங்க பக்கத்துல உக்காரு, அது போதும். ஆமா, இந்த வாரத்து மாத்திரை எங்க? முழுங்கிட்டியா? அப்புறம் சட்டைப் பையி ஏண்டா நீலமா இருக்குது?