காமக்காபட்டியிலிருந்து மூஞ்சிக்கல் வரை

அப்பா வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு டூரிஸ்ட் வேன் ஓட்டினார். காமக்காபட்டி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் ஒரு கேசட்டைச் செருகுவார். ‘ஏ’ பக்கம் முடியும்போது டம்டம் பாறை வந்திருக்கும். ஊத்து வருவதற்குள் மறுபக்கமும் தீர்ந்துவிடும். அடுத்தடுத்து வளைவு, ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுக்க முடியாது. பிடிக்காத பாட்டைத் தள்ளிவிடுகிற பேச்சே கிடையாது. இளையராஜாவை நான் அப்படித்தான் கேட்டேன், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாறாமல்.

2007இல் வேனுக்கு சிடி பிளேயர் வந்தது. காலேஜ் லீவில் கூட ஏறிய நான் ‘வல்லவன்’ ஆல்பத்தைப் போட்டேன். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் மலேசியாவிலிருந்து முந்தின வருஷம் கொண்டுவந்த ராப் ஆல்பம். இரண்டாவது வளைவிலேயே அப்பா கேட்டார், “என்னடா இது, பாடுறானுங்களா, சண்டை போடுறானுங்களா?” பின் ஸீட்டில் இருந்த மதுரைக்காரப் பெரியவர் இன்னும் மென்மையாகச் சொன்னார், “பேசுறதெல்லாம் பாட்டாகுமா தம்பி?” நான் பதில் சொல்லவில்லை. ‘மடை திறந்து’ வந்தது. ‘நிழல்கள்’ படத்தின் அந்த மெட்டு 1980லிருந்து அப்பாவுக்கு மனப்பாடம். சிடியை நிறுத்தப் போன விரல் அப்படியே நின்றது. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வேனை அக்கா மகன் ஓட்டுகிறான். பாட்டு ப்ளூடூத்தில். ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு போனை இணைக்கிறார்கள். ஒரு பாட்டு ஒரு வளைவைக்கூடத் தாண்டுவதில்லை, பதினைந்து விநாடியில் அடுத்தது. போன சீசனில் ஆட்களை இறக்கிவிட்டு நாங்கள் மூவரும் மட்டும் கீழே வரும்போது அவன் தானாக ஒன்றைப் போட்டான். ‘வல்லவன்’.

“மாமா, இது கிளாசிக்” என்றான்.

முன் ஸீட்டில் இருந்த அப்பா தலையை ஆட்டினார். “அந்தக் காலத்துப் பாட்டுன்னா பாட்டுதாம்ப்பா.”

2007இல் சண்டை என்று அவர் சொன்ன அதே பாட்டு. நான் அதை நினைவுபடுத்தவில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. எதனால் கிளாசிக்? பழசாகிவிட்டதாலா? அப்படியானால் அதே வருஷத்தில் வந்து மறந்துபோன நூறு சிடிக்களும் கிளாசிக் ஆகியிருக்க வேண்டும்.

விற்பனையும் காரணமில்லை. உலகமே கிளாசிக் என்று ஒப்புக்கொண்ட, நாஸின் ராப் ஆல்பம் ‘இல்மேட்டிக்’ 1994 ஏப்ரலில் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த நாஸுக்கு அப்போது இருபது வயது. மொத்தம் பத்துத் தடம், நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. அமெரிக்காவில் பத்து லட்சம் என்ற கணக்கை அது தொட 2001 ஆனது. ஆனால் அதற்குள் ராப் எழுத வந்தவர்கள் அதைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டார்கள். தன் தெருவை விட்டு எங்கும் போகாத ஆல்பம். அந்தத் தெருவின் ஆட்கள், ஜெயிலுக்குப் போன நண்பன், மாடிப்படி எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு தடத்தை உருவினால் மீதி ஆடிப்போகும்.

அதே 1994இல் நமக்கு ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ வந்தது. அதில் சுரேஷ் பீட்டர்ஸோடு ஒலித்தது தேனி குஞ்சரம்மாள் குரல். எங்கள் மலையடிவாரத்துக் குரல். தாளத்துக்குள் பேச்சை வைப்பது அந்தக் குரலுக்குப் புதிதல்ல. ஒப்பாரியிலும் நடவுப் பாட்டிலும் நம் கிழவிகள் செய்ததுதான் அது. “பேசுறதெல்லாம் பாட்டாகுமா” என்ற மதுரைப் பெரியவருக்கு இன்று அந்தக் குரலைத்தான் போட்டுக்காட்டுவேன். ஆனாலும் அது ஒரு பாட்டு, அதுவும் ஒரு கதாநாயகனுக்காகப் போட்ட பாட்டு. ‘வல்லவன்’ தன் காலில் நின்றது. படமும் ஹீரோவும் இல்லாமல், ஒரு முழு ஆல்பத்தைத் தமிழில் ராப்பாகவே கொண்டுபோக முடியும் என்று காட்டியது. பின்னால் வந்தவர்களுக்கு அது வழி விட்டது. என் கணக்கில் கிளாசிக்குக்கு முதல் அடையாளம் அதுதான்: கேட்டவன் பேனாவை எடுக்க வேண்டும்.

2019இல் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் கொடுத்த ‘தெருக்குரல்’ அடுத்தது. சாதியைப் பற்றியும், 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன ஸ்னோலின் என்ற பெண்ணைப் பற்றியும் ஒரே மூச்சில் பேசுகிற ஆல்பம். அதைப் பாதியில் நிறுத்த என்னால் முடிந்ததில்லை. கிளாசிக்குக்கு இரண்டாம் அடையாளம் அது.

எங்கள் மலைக்கும் ஒரு ராப் வந்தது. 2015 ஜூலை கடைசியில் நிக்கி மினாஜின் ‘அனகோண்டா’ மெட்டில் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ‘கொடைக்கானல் வோன்ட்’. யூனிலீவரின் துணை நிறுவனம் இங்கே நடத்திய தெர்மாமீட்டர் தொழிற்சாலையைப் பற்றியது. பாதரசம் கலந்த கண்ணாடி உடைசல் ஊருக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்ததும், 2001 மார்ச்சில் அந்த ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்கள் 2006லிருந்து வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்கள். பாட்டு வந்த எட்டாவது மாதம், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. வழக்கை நடத்தியவர்கள் தொழிலாளர்கள்தான். அவர்கள் பெயர் தெரியாத ஊர்களிலும் அவர்களைப் பற்றிப் பேச வைத்தது பாட்டு. 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர, சோஃபியா இரண்டாம் பாட்டோடு திரும்பி வந்தார், மண் இன்னும் சுத்தமாகவில்லை என்று சொல்ல.

அந்த முதல் பாட்டை அப்பாவுக்குப் போட்டுக்காட்டியபோது வரிக்கு வரி நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷ் பாட்டு. கம்பெனியின் காதில் விழ அது தேவைதான். அதன் வேலையை அது செய்தது, அதற்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். ஆனால் மூஞ்சிக்கல்லில் நின்று தானாகப் பாடிக்கொள்ள அதில் ஒரு வரிகூட எங்களுக்கு இல்லை.

அக்கா மகன் ராத்திரியில் எழுதுகிறான். பூம்பாறைப் பூண்டுத் தோட்டத்தில் கூலிக்குப் போகிற பெண்களைப் பற்றி, யூகலிப்டஸும் வாட்டிலும் தின்றுவிட்ட புல்வெளியைப் பற்றி, சீசனில் இ-பாஸுக்காகக் கியூவில் நிற்கிற டிரைவர்களைப் பற்றி. ஒவ்வொன்றையும் முப்பது விநாடிக்கு வெட்டி ரீல்ஸில் போடுகிறான். நல்ல வரிகள். வெட்டுப்பட்டுக் கிடக்கின்றன.

அவனிடம் சொன்னதையே பண்ணைக்காட்டிலும் மன்னவனூரிலும் போனில் பீட் போட்டு எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். வெட்டாதீர்கள். மலைத்தமிழிலேயே எழுதுங்கள். பத்துப் பாட்டை ஒன்றாகக் கோத்துக் கொடுங்கள். காமக்காபட்டியில் போட்டு மூஞ்சிக்கல்லில் இறங்கும்வரை நிறுத்தாமல் கேட்க, எங்கள் வேனில் இடம் இருக்கிறது.