உயிரைத் தொடாமல் உயிரியலில் எம்.எஸ்சி. முடிப்பது எப்படி?

எந்தச் சாக்கோட்டை என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. கும்பகோணத்துக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. அங்குள்ள பிள்ளைகள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். இது காரைக்குடிப் பக்கத்துச் சாக்கோட்டை. புதுவயலுக்கு அண்டையூர், வீரசேகரர் கோயில் இருக்கிற ஊர். இங்கிருந்து காலைப் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போய் விலங்கியல், தாவரவியல், உயிர்த்தொழில்நுட்பம் என ஏதாவதொன்றில் முதுகலை சேர்ந்து, 'உயர் மரபியல்' என்ற தாளை எழுதப்போகிற தம்பி தங்கைகளுக்கானது இந்தக் கையேடு. உத்தரவாதம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வருடமும் உயிருள்ள ஒரு ஜந்துவைத் தொடாமல், ஒரு செடியைக்கூட முளைக்கப்போடாமல், முதல் வகுப்பில் தேறிவிடலாம்.

பெரிய நகரங்களில் இது சுலபம். நம்மூரில் கொஞ்சம் கஷ்டம். அடுப்படி, கண்மாய்க்கரை, கல்யாண வீடு, அரிசி ஆலை என்று பாடத்திட்டம் வீட்டைச் சுற்றியே சிதறிக் கிடக்கிறது. அசந்தால் எதையாவது கற்றுக்கொண்டுவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே எங்கெங்கே விலகி நடக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்தக் கையேட்டின் பெரும்பகுதி.

சேர்ந்த முதல் வாரமே செய்ய வேண்டியது, ஜெராக்ஸ் கடைக்காரரோடு சிநேகம். பாடப்புத்தகம் வாங்காதீர்கள், சீனியர் ஒருவர் தன் சீனியரிடம் வாங்கிய நோட்ஸ் கடையிலேயே இருக்கும். மரபுவழிக் கடத்தல் என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் விளக்காது. ஒரு தலைமுறையில் விழுந்த எழுத்துப்பிழை அடுத்த தலைமுறைக்கு அப்படியே போகும், நடுவில் யாரோ ஒருவர் கையில் புதிதாக ஒன்று சேரும். இதற்கு 'மியூட்டேஷன்' என்று பெயர், இரண்டு மார்க்.

அடுத்து ரெக்கார்ட் நோட்டு. பழ ஈக்களைக் கலப்பு செய்து சிவப்புக் கண், வெள்ளைக் கண் எண்ணச் சொல்வார்கள். 1910இல் மார்கன் என்பவர் நியூயார்க்கில் ஒரு வெள்ளைக்கண் ஆண் ஈயைப் பார்த்ததிலிருந்து உலகம் முழுக்கப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிஜ ஈ வேண்டுமானால் கனிந்த வாழைப்பழம், பாட்டில், பஞ்சு, பொறுமை எல்லாம் வேண்டும். ரெக்கார்டுக்கு எச்.பி. பென்சில் போதும். எண்ணிக்கையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஆனால் சுத்தமாக 300க்கு 100 என்று போட்டுவிடாதீர்கள். மெண்டல் எண்ணிய உருண்டைப் பட்டாணி 5474, சுருங்கியது 1850. வகுத்தால் 2.96 வரும், எதிர்பார்க்கிற மூன்றுக்கு வெகு அருகில். இப்படி அவர் எண்ணியதெல்லாம் மொத்தத்தில் நம்ப முடியாத அளவுக்கு ஒழுங்காக இருக்கிறது என்று 1936இல் ஃபிஷர் என்ற புள்ளியியல்காரர் சந்தேகம் கிளப்பினார். என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரிந்த உதவியாளர் யாராவது எண்ணியிருப்பாரோ என்றும் ஒரு பேச்சு. மெண்டலுக்கே அந்தக் கதி. அதனால் 291க்கு 104 என்பதுபோல் லேசாகச் சொதப்பி எழுதுங்கள். கை-ஸ்கொயர் கணக்கு ஒத்துவரும், எக்ஸ்டர்னலும் மனம் குளிர்வார்.

வெங்காய வேர் விவகாரம் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. செட்டிநாட்டு அடுப்படியில் சின்ன வெங்காயம் இல்லாத நாள் உண்டா? ஒன்றை எடுத்து, தண்ணீர் நிறைந்த பாட்டில் வாயில் அடிப்பாகம் மட்டும் நனையும்படி வைத்துவிட்டால் சில நாளில் வெள்ளை மீசைபோல் வேர் இறங்கும். நுனியைக் கிள்ளி, அமிலத்தில் லேசாகச் சூடுகாட்டி, அசிட்டோகார்மைன் சொட்டு விட்டு, மேலே கவர்ஸ்லிப் வைத்துக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் போச்சு. நேராக இறங்கினால் நுண்ணோக்கியில் பதினாறு குரோமோசோமும் செக்கச்செவேலென்று, சில செல்லில் நடுவில் வரிசைகட்டி, சில செல்லில் இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்கும். ஒருதரம் பார்த்துவிட்டால் செல் பிரிதலை மனப்பாடம் செய்கிற சுகமே போய்விடும். ஆகவே பாட்டில் பக்கம் போகாதீர்கள். வெங்காயத்தைக் குழம்புக்கு விடுங்கள்.

ஊருணி ஓரத்துச் சேற்றையும் கிளறாதீர்கள். அதில் நெளியும் சிவப்புப் புழு, கொசுவைப் போன்ற கைரோனோமஸ் பூச்சியின் குஞ்சு. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கிற குரோமோசோம் பட்டை பட்டையாக, பள்ளிக்கூட நுண்ணோக்கியிலேயே தெரிகிற அளவுக்குத் தடித்திருக்கும். 1881இலேயே பால்பியானி இதைப் பார்த்து வரைந்துவிட்டார். நீங்கள் அவர் வரைந்ததைப் பார்த்து வரைந்தால் போதும்.

இனி உண்மையான அபாயத்துக்கு வருவோம்: கறுப்புக் கவுனி அரிசி.

கல்யாண வீட்டில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு இலையில் வைக்கும்போது அதைச் சாப்பிடலாம், யோசிக்கக் கூடாது. ஊறவைத்த தண்ணீர் ஏன் ஊதாவாகிறது என்று கேட்டால் ஆந்தோசயனின் என்பார்கள். அதில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் நீலத்துக்குத் திரும்பும். அதுவரைகூடப் பரவாயில்லை, விளையாட்டாக விட்டுவிடலாம். ஆனால் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் 'கலா4' என்ற மரபணுவில் போய் நிற்பீர்கள். அதை முடுக்கிவிடும் பகுதி இடம் மாறி அமைந்ததால்தான் அரிசித் தோலில் கறுப்பு ஏறியது. சிவப்பரிசிக்கு வேறொரு மரபணு, பெயர் ஆர்சி. பெரும்பாலான வெள்ளை அரிசி ரகங்களில் அந்த ஆர்சியில் 14 டி.என்.ஏ. எழுத்து காணாமல் போயிருக்கிறது. அதாவது நாம் கௌரவமாகச் சாப்பிடுகிற வெள்ளைச் சோறு, ஒரு மரபணு பழுதானதன் விளைவு. இதை விருந்தில் சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை பத்திரிகை வைக்க மாட்டார்கள்.

இன்னும் மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பொன்னிக் கதிரில் கவுனியின் மகரந்தத்தைத் தூவினால், விளையும் அரிசி என்ன நிறம்? நோட்ஸை மட்டும் படித்தவர் 'கலப்பு, எனவே கறுப்பு' என்று உடனே எழுதுவார். வயலில் நின்றவருக்குத்தான் தெரியும், அந்த அரிசி வெள்ளையாகவே இருக்கும். ஏனென்றால் நிறம் இருப்பது தோலில். தோல் தாய்ச்செடியின் சூலகச் சுவர். தகப்பனுக்கு அதில் பங்கே கிடையாது. உமியும் தாயுடையது. உள்ளே வெள்ளையாக இருக்கிற மாவுப்பகுதியில் தாய் இரண்டு பங்கு, தகப்பன் ஒரு பங்கு. முளையில் மட்டும்தான் சரிபாதி. ஒரே ஒரு அரிசிக்குள் மூன்று விதமான பாகப்பிரிவினை! அந்த வெள்ளை அரிசி நெல்லை விதைத்து, அது கதிர் தள்ளும்போதுதான் தகப்பனின் கறுப்பு வெளியே வரும். ஒரு தலைமுறை தள்ளி.

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், நெல் பூக்குமுன்பே மணியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பையையும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, கதிருக்கு உறைபோட்டு, மறுநாள் முற்பகல் வெயிலில் கவுனிக் கதிரைக் கொண்டுபோய் உதறி, பிறகு இரண்டு போகம் காத்திருக்க வேண்டும். முதுகலையே நாலு செமஸ்டர்தான். ஆகையால் புதுவயல் அரிசி ஆலைகளைத் தாண்டும்போது பஸ் ஜன்னலைச் சாத்திவிட்டு நோட்ஸைப் புரட்டுங்கள்.

பாடத்தில் 'மனித மரபியல், வம்சாவளி வரைபடம்' என்று ஒரு அலகு வரும். வட்டம் பெண், சதுரம் ஆண். இதையும் அமெரிக்கப் புத்தகத்தில் இருக்கிற யாரோ ஒரு குடும்பத்தை வைத்தே படித்துவிடுங்கள். வீட்டில் அப்பத்தாவிடம் பேச்சுக் கொடுத்தால் கதை கந்தலாகிவிடும். நகரத்தார் வீட்டுப் பெண் பார்க்கும் பேச்சு எதில் தொடங்குகிறது? எந்தக் கோயில், எந்தப் பிரிவு? இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இரணியூர், பிள்ளையார்பட்டி, இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என ஒன்பது கோயில். கோயிலும் பிரிவும் ஒன்றென்றால் பங்காளி, சம்பந்தம் கிடையாது. கோயில் தகப்பன் வழியே மகனுக்கு இறங்குகிறது. ஒய் குரோமோசோமும் அதே பாதையில்தான் இறங்குகிறது. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டும்போதும் (தத்தெடுக்கும்போதும்) பங்காளி வீட்டுப் பையனையே தேடுவார்கள். கோயில் புள்ளிக் கணக்கு (குடும்பப் பதிவு) எழுதுகிறவர் அறியாமலே ஒய் குரோமோசோமுக்குப் பதிவேடு வைத்திருக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் பரீட்சையில் சொல்லாதீர்கள், பாடத்திட்டத்தில் இல்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு கணக்குப் பார்க்கத் தோன்றும். தோன்றினால் முகம் கழுவிக்கொள்ளுங்கள். அம்மான் மகளைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதும் முறைதான், இரண்டும் ஒன்றுதான் என்பது ஊர் வழக்கு. மற்ற குரோமோசோம்களுக்கும் அப்படியே: பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் ஒரே மூதாதையின் பிரதி வந்து சேர வாய்ப்பு பதினாறில் ஒன்று. எக்ஸ் குரோமோசோம் மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை. மாப்பிள்ளையின் எக்ஸ் முழுக்க அவன் ஆத்தாவிடமிருந்து வந்தது. அத்தையோ அப்பச்சியின், அதாவது தகப்பனின், உடன்பிறந்தவள்; ஆத்தாவுக்கும் அத்தைக்கும் வேறு உறவு இல்லாவிட்டால், அத்தை மகளைக் கட்டுகிறவனுக்குப் பிறக்கும் மகளுக்கு எக்ஸில் இந்த இரட்டிப்பு வாய்ப்பே சைபர். அம்மான் மகள் என்றால் ஆத்தாவும் அம்மானும் ஒரே ஆயாவின் எக்ஸைப் பங்குபோட்டவர்கள். அம்மான் தன் பங்கை அப்படியே மகளுக்குக் கொடுத்துவிடுகிறார். வாய்ப்பு எட்டில் ஒன்று. இதை அப்பத்தாவிடம் விளக்கினால், "அதுக்குத்தான் அத்தை மகளைக் கட்டுன்னு அப்பவே சொன்னேன்" என்று ஒரு பழைய சண்டையைப் புதுப்பித்துவிடுவார். குடும்ப அமைதி முக்கியம்.

வெளியூர் ஆசைகளையும் அடக்குங்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகை. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த எலும்புகளிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் வேலை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. நம் வெயிலும் ஈரமும் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கிவிடும். எடுக்கிறவரின் தும்மலில் இருக்கிற டி.என்.ஏ. பழையதை மூழ்கடித்துவிடும். உடம்பு முழுக்க மூடிக்கொண்டு காதுக்குள் இருக்கும் கெட்டி எலும்பைத் துளைத்துக்கொண்டிருக்க வேண்டும், வியர்த்துவிடும். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்து உயிர்த்தொழில்நுட்பத் துறையில் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. சீனோராப்டிடிஸ் எலகன்ஸ். உடம்பு கண்ணாடி, உயிரோடு இருக்கும்போதே உள்ளே எல்லாம் தெரியும். உடல் செல் மொத்தம் 959, அதில் நரம்புச் செல் 302. ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது என்று கணக்கே இருக்கிறது. மூன்று நாளில் முட்டை பெரிய புழுவாகிவிடும். நோய்க்கிருமியைத் தின்னக் கொடுத்தால் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவீர்கள், கடைசி பஸ் போய்விடும்.

இத்தனையும் தவிர்த்து வந்தால் நெட் பரீட்சை. உயிர் அறிவியல் தாளில் 145 கேள்வி இருக்கும், 75க்குத்தான் பதில் எழுத வேண்டும், 200 மார்க். கடைசிப் பகுதியில் 75 கேள்வி, அதில் 25 எழுதினால் போதும், ஒவ்வொன்றுக்கும் நாலு மார்க். இங்கேதான் தொல்லை, அந்தப் பகுதிக் கேள்விகளைப் போடுகிறவர்கள் எங்கோ ஈயையும் நெல்லையும் பார்த்தவர்கள்போலத் தெரிகிறது. 'இந்தக் கலப்பில் இந்த விகிதம் வந்தது, ஏன்?' என்று கேட்பார்கள். தப்பானால் கால்பங்கு கழியும். தெரியாததை விட்டுவிட்டு நகருங்கள்.

தேறி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை வந்தால் மாதம் 37,000 ரூபாய், 2023இலிருந்து இதுதான் கணக்கு. பிறகு முனைவர் பட்டம், பிறகு வெளிநாடு. இந்தக் கட்டம் மட்டும் வீட்டாருக்கு விளக்கத் தேவையில்லாமல் புரியும். அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க (தொழில் செய்ய) நம்மூரிலிருந்து போனவர்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். ஆய்வகத்திலும் அதே படிக்கட்டு, ஒப்பந்தமும் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று வருடம். முதலாளி மட்டும் பேராசிரியர்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு கடைசிக் குறிப்பு. ஆயா ஆசையாகக் கட்டிக்கொடுக்கும் கவுனி அரிசியைப் பெட்டியில் வைக்காதீர்கள். காப்ரா வண்டு பயத்தில் 2011 முதல் இந்தியாவிலிருந்து பயணிகள் அரிசி கொண்டுவருவதை அங்கே அனுமதிப்பதில்லை. முறுக்கும் தட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைத்தாலும் சுங்கத்தில் உணவுப்பொருள் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லிவிடுங்கள்.