முதற்கடை மூடுதல்: கிள்ளான் 555 சுவடியை முன்வைத்து

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் தொடங்கும் முதல் கடை ஏன் மூடப்படுகிறது என்பது பற்றி முறையான ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆய்வு நிகழாத துறை ஒன்று கண்ணில் பட்டால் அதில் குதிப்பது ஆய்வாளன் கடமை. அதனால் யாருக்கு என்ன பயன் என்று பார்ப்பது வணிகன் வேலை. இக்கட்டுரை முதற்கடையை இவ்வாறு வரையறுக்கிறது: ஒருவர் தம் சேமிப்பையும் மனைவியின் நகையையும் மைத்துனரின் பொறுமையையும் ஒருங்கே இட்டு, தாம் ஒருநாளும் கூலிக்குக்கூடப் பார்த்திராத தொழிலில் திறக்கும் கடை. இரண்டாம் கடை இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. பெரும்பாலும் அது வருவதே இல்லை.

இத்துறையின் முன்னோடி நூல்கள் யாவும் வாய்மொழியாகவே வழங்குகின்றன. முதன்மையானது ‘நான் அப்பவே சொன்னேன்’ (பெரியப்பா, கடை மூடிய மறுநாள், திருத்திய பதிப்பு). கடை திறந்த அன்று வெளிவந்த முதற்பதிப்பில் இதே ஆசிரியர் ‘அருமையான இடம்டா தம்பி’ என்றிருக்கிறார். பிற்காலப் பதிப்புகளில் அந்த வரி காணாமற் போனது பாடபேத ஆய்வாளர் கவனத்துக்குரியது.

முதலீடு வந்த வழிகளை விரிக்க வேண்டியதில்லை. அடகுக் கடை. ‘கூட்டு’ என்னும் சீட்டு, இதை 1971-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள் என்பது கூட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. இந்தியச் சிறுவணிகருக்கு அரசின் தெக்குன் நிறுவனம் வழியாகக் கிடைக்கும் ஸ்பூமி கடன். ஊழியர் சேமநிதி, 2022 ஏப்ரலில் அதிலிருந்து 10,000 வெள்ளி வரை எடுக்க வழி திறந்தபோது ஒட்டுக்கடை வைக்கும் கனவு எத்தனை வீடுகளில் முளைவிட்டதோ. சொந்தப் பெயரில் வணிகத்தைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் சூட்டினால் 60 வெள்ளி. முதற்கடைக்காரர் தவறாமல் 60 வெள்ளிப் பெயரையே எடுப்பார். அந்தப் பெயரில் ‘குளோபல்’ என்ற சொல் இருக்கும்.

மூலபாடத்துக்கு வருவோம். இத்துறையின் காப்பிய நாயகர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு, மொத்தம் பத்து லட்சம். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு குடையும் கொடுத்தது என்பது வழக்கு. 1908 மார்ச்சில் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனி கலைந்தது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது வரவேற்கக் கூட்டமில்லை. இந்த இடத்தில் ஆய்வாளன் எழுந்து நின்று ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்கிறான்.

உட்கார்ந்தபின் அவன் நிறுவுவது ‘குடைக் கோட்பாடு’. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நீங்கள் இட்லிக் கடை திறந்த மறுவாரம் பக்கத்துக் கடைக்காரர் மூன்று இட்லிக்கு ஒரு வடை இலவசம் என்று பலகை வைத்தால் அந்த வடையும் குடையே. அவரால் ஆறு மாதம் வடை கொடுக்க முடியும். உங்களால் ஆறு வாரம்கூட முடியாது. இதற்கு மேல் இதில் பொருளாதாரம் ஒன்றுமில்லை. இன்னொரு செய்தி மட்டும் உண்டு. அதே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ரஜுலா கப்பல், 1926-ல் கட்டியது, நம் தாத்தா பாட்டிகளில் பலரைச் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கொண்டுவந்து இறக்கியது. போட்டிக்கு ஆளில்லாத அந்தக் காலத்தில் யாருக்கும் குடை கொடுத்ததாக எங்கள் வீட்டில் பேச்சில்லை.

இதற்கு நேர்மாறான மரபையும் குறிக்க வேண்டும். கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்கள் யாரையும் எடுத்தவுடன் முதலாளி ஆக்கவில்லை. பையன் பெட்டியடிப் பையனாக வந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, தவணை தவணையாக அடுத்தவர் பணத்தில் தவறு செய்து முடித்தபிறகே தன் பணத்தைத் தொட்டான். இப்போது அந்தப் பயிற்சியை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். தொழில்முனைவர் பயிலரங்கு என்று பெயர், சான்றிதழ் உண்டு, மதியம் பிரியாணி உண்டு. பயிற்றுநர் கடை வைத்தவரா என்று கேட்பது நாகரிகமன்று.

மூடுதலுக்குரிய பிற காரணங்களை விரைந்து கடக்கலாம்.

வாடகை: உயர்ந்தது.

பெருந்தொற்று: 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு.

டத்தோ: திறப்பு விழாவில் நாடா வெட்டியவர் மறுபடி வரவில்லை, வந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லிச் சாப்பிட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடம்: 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைக்க மன்மோகன் சிங் வந்தார். அவர் வண்டிக்கு இடம் கிடைத்தது. அதன்பின் துன் சம்பந்தன் சாலையில் வேறு எவருக்கும் கிடைத்ததற்குச் சான்றில்லை.

இனி சுவடி. கிள்ளான் தெங்கு கிளானா சாலையை ஒட்டிய சந்தொன்றில், மூடிய ஒட்டுக்கடையின் அரிசி டின்னுக்கு அடியில் கிடைத்தது. 555 புத்தகம் அறியாத அயலகத் தமிழருக்கு: உள்ளங்கையில் அடங்கும் குறிப்பேடு, அட்டையில் 555 என்று அச்சிட்டிருக்கும். இந்நாட்டில் சீனர் மளிகை, மாமாக் கடை, தமிழர் ஒட்டுக்கடை என்ற பேதமின்றிக் கடன் எழுதப் பயன்பட்டது. மலாய்க்காரர் ‘புக்கு தீகா லீமா’ என்பர்.

சுவடியில் மூன்று படலங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முற்படலத்தில் கடன்காரர் பெயர் முழுதாக, மரியாதையோடு இருக்கிறது: ‘மாரிமுத்து அண்ணன், 2 ரொட்டி, 1 தே தாரிக், நாளை தருவார்’. இடைப்படலத்தில் பெயர் எழுத்தாகச் சுருங்குகிறது: ‘மா.அ., 2 ரொ., 1 தே., நாளை’. கடைப்படலத்தில் ‘மீசை’, ‘மஞ்சக் காடி’, ‘அந்த ஆளு’. இறுதி ஏடுகளில் பெயரே இல்லை. எண்கள் மட்டும், பேனா தாளைக் கிழித்திருக்கிறது. மரியாதை தேய்வதை வைத்துக் காலம் கணிக்கும் இம்முறையை உலகுக்கு முதலில் அளிப்பது இக்கட்டுரைதான் என்பதை அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

‘மா.அ.’ குறித்து இரு பள்ளிகள் மோதுகின்றன. கிள்ளான் பள்ளி அதை ‘மாரிமுத்து அண்ணன்’ என்கிறது. பிரிக்பீல்ட்ஸ் பள்ளி ‘மாமா, அத்தை’ என்று கொண்டு, கணவன் மனைவி இருவருமே பாக்கி என்கிறது. பதினோராம் ஏட்டின் எண்ணெய்க் கறை முற்றுப்புள்ளியா, மீன் கறியா என்பதிலும் ஒருமை இல்லை (காண்க: சமையல்காரர், ‘அது மீன் கறி’, மறுப்பு, சமையல்காரர் மனைவி, ‘அன்னிக்கு வெள்ளிக்கிழமை’, மறுப்புக்கு மறுப்பு, சமையல்காரர், அதே இரவு, இறுதி மறுப்பு, சமையல்காரர் மனைவி, ஓங்கிய குரலில், அண்டைவீட்டார் சுவர் வழியே கேட்டு எழுதியது, இரண்டு சொற்கள் அச்சேற்றத் தகாதவை, எஞ்சிய பாடம் சிதைவு). பதினோராம் ஏட்டை யாரும் நேரில் பார்த்ததில்லை. அது இவ்விவாதத்துக்கு ஒரு தடையாகவும் இருந்ததில்லை. தமிழாய்வு அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள்.

கடனுக்குக் கொடுத்ததால் கடை மூடியது என்று பெரியப்பா கருதுவார். ஆனால் தோட்டத்துக் கடைகளும் கடனில்தான் நடந்தன. அங்கே சம்பள நாள் என்று ஒன்று வந்தது; கடன்பட்டவர் குடியிருந்ததும் அதே லயத்தில். கிள்ளானில் கடன்பட்டவருக்கு ஃபெடரல் நெடுஞ்சாலை இருக்கிறது. பத்து வெள்ளி பாக்கி வைத்தவர் அந்தப் பத்து வெள்ளியோடு நிற்பதில்லை. கூச்சப்பட்டு அந்தச் சந்துக்கே வருவதை விட்டுவிடுகிறார், காசு கொடுத்துச் சாப்பிட நினைக்கும் நாளிலும் அடுத்த கடைக்குப் போகிறார். கடைக்காரர் பாக்கியைக் கேட்டிருந்தால் பத்து வெள்ளி போயிருக்கும் அல்லது வந்திருக்கும். கேட்காமல் இருந்த பெருந்தன்மையில் வாடிக்கையே போயிற்று. சுவடியின் இரண்டாம் பாதியில் ஒரு பெயர்கூட இரண்டாம் முறை வரவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளன் தேவையில்லை. கடைக்காரரின் மனைவி மூன்றாம் மாதமே சொல்லியிருக்கிறார் (சமையலறை, பதிப்பிக்கப்படவில்லை).

இறுதியாக, இடைப்படலத்தில் அடிக்கடி வரும் ‘பே.’ யார்? ‘பேப்பர்காரர்’ என்பது பிரிக்பீல்ட்ஸ் பள்ளி. ‘பேராசிரியர்’ என்பது கிள்ளான் பள்ளி. பேப்பர்காரர் தம் கணக்கைத் தீபாவளிக்கு முன்பே தீர்த்து, பக்கம் அடித்துக் கையொப்பமும் வாங்கியிருப்பதால் பின்னதே வலுவுடைத்து. பட்டினப்பாலையில் புலிச்சின்னம் பொறித்துச் சுங்கம் வசூலித்த செய்தியை மேடைதோறும் வியந்து பேசுகிறவர் ஒருவர் அந்நாள்களில் அச்சந்தில் காலையுணவு உண்டதற்கு வாய்மொழிச் சான்றும் இருக்கிறது (ரொட்டி போட்டவர், நேர்காணல், மாவு பிசைந்துகொண்டே, தலை நிமிராமல், ‘அவர்தான்ணே, நல்லாப் பேசுவார்’).

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியது இதே பள்ளத்தாக்கின் கோலாலம்பூரில். அந்த மரபின் பெயரால் ‘பே.’ அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தங்கள் பாக்கி 41 வெள்ளி 60 காசு. கடை இல்லாவிட்டாலும் கடைக்காரர் இருக்கிறார். இப்போது கிரேப் ஓட்டுகிறார். டூயிட்நவ் வழியாகவும் அனுப்பலாம்.